நேர்கோட்டுப் பத்தியும் பிறமொழி மாணவரும்: காப்லனின் கோட்பாடு குறித்த மறுநோக்கு

கல்லூரிநிலை ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியில் பிறமொழி மாணவர்களைப் பற்றி எழுந்த கோட்பாடுகளுள் பரவலாக அறியப்பட்டது ராபர்ட் காப்லனுடையது. அமெரிக்காவில் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஏறத்தாழ 600 கட்டுரைகளை ஆராய்ந்து, 1966இல் ‘லாங்குவேஜ் லேர்னிங்’ ஆய்விதழில் அதனை அவர் முன்வைத்தார். ஆங்கிலப் பத்தி நேர்கோடாகச் செல்லும், கீழைநாட்டாரின் பத்தி சுருள்வட்டமாகச் சுழலும் என்பன போன்ற கருத்துகளை ஐந்து கோட்டுப்படங்களால் அவர் விளக்கினார். கட்டுரையைப் படியாதவர்க்கும் அப்படங்கள் தெரியும். கோட்பாட்டின் செல்வாக்குக்கு அவையே பெரிதும் காரணம் எனலாம்.

அவரது ஆய்வுமுறையில் ஓர் அடிப்படை இடர்ப்பாடு உண்டு. மாணவர்கள் தத்தம் தாய்மொழியில் எழுதியவற்றை அவர் ஆராயவில்லை. கற்கும் நிலையிலுள்ள ஒரு மொழியில் எழுதப்பட்டவற்றைக் கொண்டு தாய்மொழியின் சிந்தனைப் போக்கை ஊகித்தார். மேலும், ‘கீழைநாட்டார்’ என்ற சொல்லால் சீன, கொரிய மொழியினரை மட்டுமே தாம் குறிப்பதாக அவரே அடிக்குறிப்பில் வரையறுத்துள்ளார். ஆதலால் அச்சுருள்வட்டத்தைத் தமிழ் மாணவர்மீது பொருத்துவதற்கு அவர் கட்டுரையிலேயே இடமில்லை.

நேர்கோடும் ஆங்கிலத்தின் இயல்பன்று. பத்திக்குரிய விதிகளை அபர்தீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் பெயின் 1866இல் தம் பாடநூலில் வகுத்தார். பத்தியின் தொடக்கம் அதன் பொருளைச் சுட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதி பின்னர் அமெரிக்கப் பாடநூல்களில் வேரூன்றியது. எனினும் எழுத்தாளர்கள் அதனைப் பின்பற்றினார்களா என்பது வேறு வினா. 1974இல் ரிச்சர்ட் பிராடக், புகழ்பெற்ற அமெரிக்க இதழ்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் பத்திகளே கருப்பொருள் வாக்கியத்துடன் தொடங்கின. தேர்ந்த ஆங்கில எழுத்தாளரே கைக்கொள்ளாத ஒன்றை மாணவரிடம் கட்டாயமாக எதிர்பார்த்துவிட்டு, அதன் குறைக்கு அவர்தம் பண்பாட்டைக் காரணம் காட்டுவது முறையாகாது.

தமிழில் வாதமுறை இல்லை என்பதற்கும் சான்றில்லை. நன்னூல் பொதுப்பாயிரம் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுகிறது. உடன்படலும் மறுத்தலும், பிறர் கொள்கையை ஏற்பதுபோல் ஏற்றுப் பின் களைதலும் அவற்றுள் அடங்கும். சொல்லதிகார உரையில் சேனாவரையர் இளம்பூரணரின் கொள்கைகளை எடுத்துக்காட்டி, காரணம் கூறி மறுக்கும் இடங்கள் பல. எதிர்வாதத்தை முதலில் நிறுத்திப் பின் மறுக்குமாறு இன்றைய ஆங்கில வாதக் கட்டுரைப் பயிற்சி கற்பிப்பதும் இத்தகைய முறையே. உரைமரபில் பயின்ற மாணவர்க்கு அது புதிதன்று. ஆனால் அவ்வாறு பயின்றவர் இன்று எத்தனைபேர் என்பதையும் எண்ண வேண்டும்.

காப்லனுக்கு வலுவான மாற்று, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா 2006இல் ‘காலேஜ் இங்கிலிஷ்’ இதழில் எழுதிய கட்டுரை. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழில் உள்ளூர் வாசகர்க்கும், ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகர்க்கும், ஆங்கிலத்தில் அயல்நாட்டு வாசகர்க்கும் எழுதிய மூன்று கட்டுரைகளை அது ஒப்பிடுகிறது. எழுதுபவர் ஒருவரே; தாய்மொழியும் ஒன்றே. எனினும் வாசகர் மாற, வாதம் அமையும் முறையும் மாறுகிறது. எழுத்தின் வடிவைத் தாய்மொழி முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது என்ற கருத்து இங்குத் தளர்ந்துவிடுகிறது. வேறுபாட்டைக் குறையாகக் கருதாமல் எழுத்தாளரின் தெரிவாகக் கண்டதே கனகராஜாவின் சிறப்பான பங்களிப்பு.

ஆயினும் அச்சான்றைக் கல்லூரி வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவர இயலாது. சிவத்தம்பி தம் துறையில் நிலைபெற்ற அறிஞர். மரபை மீறினாலும் அவர் எழுத்தைப் பொறுமையுடன் படிக்க வாசகர் உண்டு. முதலாண்டு மாணவரின் ஒரே வாசகர் மதிப்பெண் இடும் ஆசிரியர். மூன்றாம் பத்தியில் தன் முடிவைக் கூறும் மாணவர் தெரிந்தே அதனைத் தாழ்த்தினாரா, முறை அறியாமல் தாழ்த்தினாரா என்பதை விடைத்தாள் மட்டும் காட்டாது. அதனை அறிய அம்மாணவர் தாய்மொழியில் எழுதியதையும் உடன்வைத்துப் படித்து, அவரையே வினவ வேண்டும். காப்லன் முதற்பணியைச் செய்யவில்லை. கனகராஜா அதனை ஓர் அறிஞரின் அளவில் செய்தார். முதலாண்டு மாணவரின் இருமொழிக் கட்டுரைகளை இணைத்து ஆராயும் பணி தமிழ், ஆங்கிலத் துறைகள் இரண்டுக்கும் உரியது.