நாட்டு மெட்டும் பல்லிய மேடையும்

போலந்து இசையின் பெருமையைப் போற்றும் பல்லிய அரங்குகளில் முதன்மை பெறத் தக்க படைப்பு, விட்டோல்டு லூத்தோஸ்வாவ்ஸ்கியின் 'பல்லியத்திற்கான கொன்சர்ட்டோ' ஆகும்.

அது பிறந்த சூழல் அறியத்தக்கது. அவருடைய முதல் சிம்ஃபொனியை 1949இல் ஆட்சியாளர் 'வடிவவாதம்' எனப் பழித்து ஒதுக்கினர். எளிதில் விளங்கும் மக்கள் இசையையே கலைஞர் தழுவுதல் வேண்டும் என்பது அந்நாளைய கட்டளை. 1950இல் வார்சா பில்ஹார்மோனிக் குழுவின் நடத்துநர் ரோவிட்ஸ்கி புதியதொரு படைப்பை வேண்டினார். 1954 நவம்பர் 26இல் அஃது அரங்கேறியது.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்கார் கோல்பெர்க் திரட்டிய மசோவிய வட்டார நாட்டுப்பாடல் மெட்டுகளே இதன் மூலம். ஆயினும், ஆசிரியர் அவற்றை அணிகலனாகச் சூட்டவில்லை, விதையாக ஊன்றினார். மூன்றாம் பகுதியே இதற்குச் சான்று. தாழ்ந்த குரலில் டபுள் பாஸ் கருவிகளும் ஹார்ப்பும் மெல்லத் தொடங்கும் சிறு மெட்டொன்று, திரும்பத் திரும்ப ஒலித்துப் படிப்படியாக மேலேறுகிறது. பிற கருவிகள் அதன்மேல் புதிய புதிய இசையைக் கட்டி எழுப்புகின்றன. முடிவில் அம்மெட்டு வயலின்களின் உச்சக் குரலில் தேய்ந்து மறைகிறது. சிற்றூர்ப் பாட்டு மாளிகைக்கு அடித்தளமாகிவிடுகிறது.

கட்டளை கருப்பொருளைக் குறிக்கலாம். கலையை ஆக்க அதனால் இயலாது. இவ்விசையைக் கேட்கும் மாணவர், மூல மெட்டு எதுவெனத் தேடுவதோடு அமைதல் ஆகாது. அஃது என்னவாயிற்று என்றும் வினவுதல் வேண்டும். திறனாய்வு அவ்வினாவிலேயே தொடங்குகிறது.