மெர்ல் ஓபரான்: பிறந்த ஊரைப் புனைந்தவர்கள்

ஹாலிவுட் நட்சத்திரங்களில் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். வயதைக் குறைத்துச் சொன்னவர்களும் குறைவில்லை. மெர்ல் ஓபரான் பிறந்த நாட்டையே மாற்றிச் சொன்னவர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தப் பொய்யோடு வாழ்ந்தார். அவரைப் பற்றிய நூல்களும் படங்களும் அதை ஒரு பெண்ணின் அந்தரங்க ரகசியமாகவே பெரும்பாலும் வாசித்திருக்கின்றன. விளம்பரப் பிரிவு, தணிக்கை விதி, குடியேற்றச் சட்டம், ஒளிப்பதிவு ஆகிய நான்கும் சேர்ந்து தயாரித்த பொய் அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்தவர். இயற்பெயர் எஸ்டெல் மெர்ல் ஓபிரையன் தாம்சன். தாயாக இருந்து வளர்த்த சார்லட் செல்பி இலங்கைப் பறங்கியர். மாவோரி வம்சக் கலப்பும் உள்ளவர். குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அங்கே லா மார்ட்டினியர் பள்ளியில் கலப்பினத்தவள் என்ற ஏளனம் தாங்காமல் படிப்பை விட்ட மெர்ல், டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். பிறகு ஐரோப்பா. 1933இல் வெளிவந்த ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII’ படத்தில் ஆன் பொலினாகச் சில நிமிடங்களே வந்தாலும் ரசிகர்கள் அவரைக் கவனித்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் வாய்ப்பளித்த தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா, தன் சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டு லண்டனில் காலூன்றிய ஹங்கேரிய யூதர். ‘அசல் ஆங்கிலேய’ அடையாளத்தையும் தயாரித்து விற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். மெர்லின் பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆயிற்று. யாரும் எளிதில் போய் விசாரிக்க முடியாத தொலைவு. முழுக்க பிரிட்டிஷ் என்று பெயர் பெற்ற மண்.

அமெரிக்காவில் அந்தப் பொய்யின் தேவை இன்னும் கூடியது. 1917 குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியினருக்குக் கதவடைத்திருந்தது. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தடை நீங்கியது 1946இல்தான். 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த ஹேஸ் தணிக்கை விதி, கலப்பினக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்றது. உண்மை வெளியே தெரிந்திருந்தால் மெர்ல் கதாநாயகியாகவே நீடித்திருக்க முடியாது.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை ஜப்பானிய மனைவி, ஸ்பானிய நடனக்காரி போன்ற ‘அயல்நாட்டு’ வேடங்கள். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அந்த ஒப்பனையைக் கலைத்து, ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்தில் ஆங்கிலேயப் பெண்ணாக்கினார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை வந்தது. வில்லியம் வைலர் இயக்கிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1939) இன்னும் விநோதம். நாவலில் கருநிறத்தவனாக வரும் ஹீத்கிளிஃபாக நடித்தவர் வெள்ளை ஆங்கிலேயர் லாரன்ஸ் ஒலிவியர். மாளிகை வாழ்வுக்காக அவனை உதறும் கேத்தியாக நடித்தவர் கல்கத்தாவில் வளர்ந்த மெர்ல். தான் யாரோ அதை மறுத்துவிட்டு வசதியைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணின் தவிப்பை அவர் நடித்த விதத்துக்கு விமர்சகர்கள் போதிய இடம் தரவில்லை.

முகத்தை வெளுப்பாக்கும் வேலை ஒளிப்பதிவிலும் நடந்தது. 1937இல் நேர்ந்த கார் விபத்து அவர் முகத்தில் தழும்புகளை விட்டது. ‘ஐ, கிளாடியஸ்’ படம் அதோடு நின்றுபோனது. ‘தி லாட்ஜர்’ (1944) படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் கேமராவின் லென்ஸை ஒட்டி ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, முகத்தில் நேராக ஒளி பாய்ச்சித் தழும்பை மறைத்தார். அந்த ஒளி முகத்தை வெளுப்பாகவும் காட்டியது. ‘ஓபி’ என்ற பெயரோடு அந்த விளக்கு திரைத்தொழிலில் நிலைத்தது. அடுத்த ஆண்டு பல்லார்டையே மெர்ல் மணந்தார்.

1978இல் டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட், மண்ணின் மகளென்று வரவேற்பு அளித்தது. உடல்நிலையைக் காரணம் சொல்லி அவர் பாதியில் வெளியேறினார். மறுஆண்டு இறந்தார். அதன்பின் ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய மெர்லை எடுத்துக்கொண்டது. சார்ல்ஸ் ஹைகமும் ராய் மோஸ்லியும் 1983இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, அம்பலப்படுத்தும் வேகத்தில் இந்தியப் பிறப்பை வெளியிட்டது. ஆனால் வளர்த்த சார்லட் உண்மையில் பாட்டி, அக்காள் எனப்பட்ட கான்ஸ்டன்ஸே பெற்ற தாய் என்பது அந்நூலுக்கும் தட்டுப்படவில்லை. 2002இல் மாரி டெலோஃப்ஸ்கியின் ஆவணப்படம் அதை வெளிக்கொணர்ந்தது. டாஸ்மேனியர்கள் ஏன் அவரை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள் என்றும் அது ஆராய்ந்தது. கோர்டா குடும்பத்தின் மைக்கேல் கோர்டா, மெர்லின் கதையை முன்பே 1985இல் ‘குவீனி’ என்ற நாவலாக்கியிருந்தார்.

2023இல் ஆசிய நடிகை மிஷல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வென்றபோது, மெர்ல் முன்னோடியாக நினைவுகூரப்பட்டார். இந்தப் பட்டத்தைத் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். அவரைப் பரிந்துரைத்தவர்கள் ஓர் ஆசிய நடிகையைப் பரிந்துரைப்பதாக நினைக்கவில்லை. மெர்ல் பரிந்துரை பெற்ற அதே 1930களில், இனத்தை மறைக்காத சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்குச் சீனக் கிராமத்துக் கதையான ‘தி குட் எர்த்’ படத்தின் நாயகி வேடம் மறுக்கப்பட்டது. அதில் நடித்த வெள்ளை நடிகை லூயிஸ் ரெய்னர் ஆஸ்கார் வாங்கினார். மறைத்தவருக்கு வாய்ப்பும் மறைக்காதவருக்கு மறுப்பும் தந்தது ஒரே அமைப்பு. இனி எழுதப்படும் ஆய்வு இந்த இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும். மெர்ல் பொய் சொன்னாரா என்ற கேள்விக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.