வீரசாகசக் கதையும் கேட்கப்படாத வினாவும்

ஒரு கதையை மாணவன் விளங்கிக்கொண்டானா என்பதை அறியும் பொருட்டு ஆசிரியர் வினாக்களைத் தொடுக்கிறார். வகுப்பறையில் அன்றாடம் நிகழ்வதாகையால் இதைப் பற்றிச் சிந்திப்பார் குறைவு. ஆயினும், எந்த வினாவும் வெறும் அளவுகோல் அன்று. கதையில் எது கவனிக்கத் தக்கது, எது கவனியாது விடத் தக்கது என்பதை வினாவே மாணவனுக்குக் கற்பித்துவிடுகிறது. கேட்கப்பட்டதை அவன் நினைவிற் கொள்கிறான். கேட்கப்படாததை மறக்கப் பழகுகிறான். இலக்கியக் கல்வியின் சமுதாயப் பண்பு பாடநூலில் மட்டுமன்றி, பாடத்தின் இறுதியிலே அச்சிடப்படும் பயிற்சி வினாக்களிலும் தங்கியிருக்கின்றது என்பதே நமது கருத்து.

இதனை ஒரு கதையைக் கொண்டு விளக்குதல் நன்று. அமெரிக்க எழுத்தாளர் றிச்சட் கொனெல் எழுதிய 'த மோஸ்ற் டேஞ்சறஸ் கேம்' என்னும் சிறுகதை 1924ஆம் ஆண்டு சனவரியில் 'கொலியர்ஸ்' வார இதழில் வெளிவந்தது, 1932இல் திரைப்படமாயிற்று. அமெரிக்கப் பாடசாலைகளின் இலக்கியத் தொகுப்புகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் கதைகளுள் அதுவும் ஒன்று. ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத் தக்கது. இளையோரைப் பிடித்திழுக்கும் விறுவிறுப்பு மிக்கது.

றெயின்ஸ்போட் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க வேட்டைக்காரன் ஜாகுவார் வேட்டைக்காகத் தென்னமெரிக்கா நோக்கி உல்லாசக் கப்பலிற் செல்கிறான். உலகில் வேட்டையாடுவோர், வேட்டையாடப்படுவோர் என இரு வகுப்பினரே உளர். தான் முதல் வகுப்பிற் சேர்ந்தது தன் நல்லூழ் என்பது அவனது தத்துவம். வேட்டையாடப்படும் விலங்கும் அச்சத்தை உணருமே என்று நண்பன் விற்னி கூறுகையில் அவன் நகைக்கிறான். அன்றிரவே கரீபியக் கடலில் தவறி வீழ்ந்து, ஒரு தீவிற் கரையேறுகிறான். அங்கு மாளிகை அமைத்து வாழ்பவன் ஜெனரல் சறோவ். ரஷ்யாவிலே சார் மன்னனின் ஆட்சி வீழ்ந்தபின் நாட்டைவிட்டு அகன்ற கொசாக் பிரபு. விலங்குகளை வேட்டையாடிச் சலித்துப்போன அவன் இப்பொழுது மனிதரை வேட்டையாடுகிறான். மூன்று நாள் தப்பிப் பிழைத்தால் விடுதலை என்பது அவன் வகுத்த விதி. றெயின்ஸ்போட் பொறிகள் அமைத்துப் போராடுகிறான். ஈற்றில் கடலிற் குதித்து நீந்தி மாளிகைக்கே திரும்பி, சறோவை அவனது படுக்கையறையில் எதிர்கொண்டு வெல்கிறான். அன்றிரவு அப்படுக்கையில் உறங்குபவன் றெயின்ஸ்போட்.

இக்கதைக்குப் பொதுவாக வழங்கும் வினாக்கள் எவை? தீவின் பெயர் யாது? றெயின்ஸ்போட் கடலில் வீழ்ந்தது எவ்வாறு? வாயிலிருந்து தவறிய சுங்கானை எட்டிப் பிடிக்க முயன்றமையால். அவன் அமைத்த மூன்று பொறிகள் யாவை? இவற்றுள் எது சறோவின் ஏவலாளன் இவானைக் கொன்றது? சற்றே உயர்ந்த வினாத்தாளாயின், முன்னறிகுறி, முரண்நகை ஆகியவற்றுக்கு உதாரணம் கேட்கும். தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் விளையாட்டு என்றும் வேட்டை விலங்கு என்றும் இரு பொருள்படுதலை விளக்கச் சொல்லும். அத்துடன் 'கிரகித்தல்' நிறைவுற்றதாகக் கொள்ளப்படும்.

ஒரே விடை உள்ள வினாவே சிறந்த வினா என்னும் எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிறெட்றிக் கெலி என்பார் 1915ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே 'கான்சாஸ் மௌன வாசிப்புச் சோதனை'யை வகுத்தார். பலருக்கும் விரைவாகப் புள்ளியிட வேண்டும், ஆசிரியரின் சொந்த விருப்புவெறுப்பு மதிப்பீட்டிற் புகுதல் ஆகாது என்பன அதன் நோக்கங்கள். அவை தீய நோக்கங்கள் அல்ல. ஆனால், விரைவில் அளக்கத்தக்கதே விளக்கம் என்னும் மயக்கம் அதன்வழிப் பரவிற்று. வாசகனும் நூலும் சந்திக்கும் இடத்திலேயே இலக்கியத்தின் பொருள் உருவாகிறது என 1938இல் லூயிஸ் றோசன்பிளாற் எடுத்துரைத்தபின்னும், வினாத்தாள்களிலே அளவுகோலின் ஆட்சியே பெரிதும் நிலைத்தது.

கதைக்குத் திரும்புவோம். சறோவின் மாளிகையும் மதுவும் வேட்டை நாய்களும் எந்தப் பணத்தில் நிலைபெறுகின்றன? கதையே விடை கூறுகிறது. அவன் தன் செல்வத்தை முன்னரே அமெரிக்கப் பங்குகளில் முதலிட்டிருந்தான். ஆகவே மற்றைய ரஷ்யப் பிரபுக்களைப்போல மொன்ரி கார்லோவிலே தேநீர்க்கடை திறக்கவோ பாரிஸிலே வாடகைக் கார் ஓட்டவோ அவனுக்கு நேரவில்லை. அந்நியக் கொடியவனாகக் காட்டப்படும் சறோவின் கொடுமைக்கு ஆதாரம் அமெரிக்க முதலீட்டின் இலாபம். ஒரே ஒரு வாக்கியத்தில் ஆசிரியர் வைத்துச் சென்ற இவ்வுண்மையை எத்தனை வினாத்தாள்கள் தொடுகின்றன?

பொறிகளையும் நோக்குக. மலாய் நாட்டுப் பொறி, பர்மியப் புலிக்குழி, உகண்டாவிலே கற்ற கத்தி உபாயம் எனப் பெயர்களை மாணவர் மனனஞ் செய்கின்றனர். 1924இல் மலாயா, பர்மா, உகண்டா ஆகிய மூன்றும் பிரித்தானிய ஆதிக்கத்தின் கீழ் இருந்தவை. அடிமைப்பட்ட மக்களின் காட்டறிவே கதாநாயகனின் உயிரைக் காக்கிறது. ஆனால், அந்த அறிவுக்கு உரியோர் கதையில் இல்லை. 'இவற்றை அவன் யாரிடம் கற்றான்?' என்ற வினா மாணவனை வேறோர் உலகத்துக்கு இட்டுச் செல்லும்.

வேட்டையாடப்படுவோர் யாவர்? சரக்குக் கப்பல்களின் மாலுமிகள். லஸ்கார்கள், கறுப்பர், சீனர், வெள்ளையர், கலப்பினத்தார் என அவர்களை அடுக்கிச் சொல்லி, அவர்களில் இருபது பேரினும் ஒரு நல்ல குதிரையோ நாயோ மதிப்புடையது என்கிறான் சறோவ். லஸ்கார் என்பது ஐரோப்பியக் கப்பல்களிலே குறைந்த கூலிக்கு உழைத்த இந்திய உபகண்டத்து மாலுமிகளையும் பிற ஆசிய மாலுமிகளையும் குறித்த சொல். ஆகவே, அப்பட்டியலில் நம்மவரின் உறவினரும் உளர். வெள்ளையரும் அதில் அடங்கியிருத்தல் கவனிக்கத் தக்கது. நிறத்தால் மட்டுமன்றி, உழைக்கும் வர்க்கத்தில் பிறந்தமையாலும் ஒருவன் வேட்டைப் பொருளாகிறான்.

இனி, நாம் முதன்மையாகக் கருதும் வினாவுக்கு வருவோம். மாளிகையின் நிலவறையிலே, பாறைகளில் மோதிய 'சான் லூக்கர்' என்னும் ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் ஏறக்குறைய ஒரு டசின் பேர் அடைபட்டிருப்பதாகச் சறோவ் கூறுகிறான். அவர்களை அவன் 'மாணாக்கர்' என்கிறான். வேட்டைக்குத் தகுதிபெறும் வகையில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அன்றிரவே அவர்களுள் ஒருவனை வேட்டையாடிவிட்டு, அதிற் சுவையில்லை என்று மறுநாள் சலித்துக்கொள்கிறான். மற்றையோர் கதி யாது? கதை முடிகிறது; சறோவ் மடிகிறான்; றெயின்ஸ்போட் சிறந்த படுக்கையிலே சுகமாக உறங்குகிறான். நிலவறைக் கதவு திறக்கப்பட்டதாக ஒரு சொல் இல்லை. கதாநாயகன் அவர்களை நினைத்ததாகவும் ஒரு சொல் இல்லை.

றெயின்ஸ்போட் திருந்தினானா அன்றி மற்றொரு சறோவ் ஆனானா என்ற விவாதத்தைச் சில நல்லாசிரியர்கள் நிகழ்த்துகின்றனர். அது பயனுள்ள விவாதமே. ஆனால், அதுவும் கதாநாயகனின் ஆன்மாவைப் பற்றியது. நிலவறையிலுள்ளோரின் உயிரைப் பற்றியதன்று. அவர்களைப் பற்றிய வினாவைக் கேட்டபின் முதல் வினாவுக்கும் தெளிவான வழி பிறக்கிறது. தான் வேட்டையாடப்பட்டபோது அச்சம் யாதென அறிந்தவன், அதே அச்சத்தில் கீழே கிடப்போரை நினையாது உறங்குவானாயின், அவன் கற்றது என்ன?

கொனெலைப் பழிப்பது நமது நோக்கமன்று. வலியோரின் இன்பத்துக்காகவே மெலியோர் உளர் என்னும் சறோவின் கோட்பாட்டைக் கதை வெறுக்கவே செய்கிறது. நாகரிகத்தைப் பேசி, மார்க்கஸ் ஒறீலியஸின் தத்துவத்தை வாசித்துக்கொண்டே கொலைபுரியும் பிரபுவைப் படைத்தது சிறிய சாதனையன்று. எனினும், கதையின் அனுதாபம் உல்லாசக் கப்பலின் மேற்தளத்தோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ விட்ட இடைவெளி அது. அதனைக் காண்பதும் கதையை விளங்கிக்கொள்வதன் பகுதியே.

'கதையில் இல்லாத அரசியலை இளம் உள்ளங்களிற் புகுத்துகிறீர்கள்' எனச் சிலர் மறுக்கலாம். நிலவறையைக் கட்டியவர் நாம் அல்லர். அது கதையிலேயே உள்ளது. அதனைக் கேளாது விடுவதும் ஒரு சார்பே. வேறு சிலர், தகவல் வினாக்களே வேண்டா என்பர். அதுவும் பொருந்தாது. நிலவறையில் மாலுமிகள் இருந்தனர் என்னும் தகவலைக் கவனியாத மாணவன் அவர்களுக்காக வினவ இயலாது. கூர்ந்து வாசித்தல் நியாய உணர்வுக்கு முதற்படி. எனவே, தகவலைக் கேட்பதா கருத்தைக் கேட்பதா என்பதன்று பிரச்சினை. எத்தகவலைக் கேட்பது என்பதே பிரச்சினை. சுங்கானும் தகவல்தான், நிலவறையும் தகவல்தான்.

வீரசாகசக் கதைகளை வகுப்பறையிலிருந்து விலக்க வேண்டியதில்லை. மாணவர் அவற்றை ஆர்வத்தோடு வாசிக்கின்றனர். அந்த ஆர்வம் ஆசிரியருக்குக் கிடைத்த செல்வம். கதை எதுவாயினும், பெயரையும் நிகழ்ச்சியையும் கேட்டபின் மூன்று வினாக்களைச் சேர்த்துக் கேட்கலாம். இங்கு யாருடைய உழைப்பில் இந்த வாழ்வு நடைபெறுகிறது? யாருக்குப் பெயர் உண்டு, யாருக்குப் பெயர் இல்லை? கதை முடிந்தபோது யார் இன்னும் விடுதலை பெறவில்லை? இவற்றுக்கு ஒரே விடை இராது, புள்ளியிடுதலும் எளிதன்று. மாணவர் தம்முள் வாதிடுவர், மீண்டும் கதையைப் புரட்டுவர், ஆசிரியரையே மறுப்பர். அவ்வாறு மறுக்கும் மாணவன் கதையை விளங்கிக்கொண்டான் என்பதற்கு வேறு சோதனை வேண்டியதில்லை.