அரும்பொருளும் அங்காடியும்

தொல்காப்பியர் வெட்சித்திணைத் துறைகளை வகுத்துரைக்குமிடத்துப் பாதீடு என்பதனையும் ஒன்றாக வைத்தார். பகைவர் நிரையைக் கவர்ந்து வந்த மறவர் அந்நிரையைத் தம்முட் பகுத்துக்கொள்ளுதல் அத்துறையின் பொருளாகும். அவரவர் ஆற்றிய வினையறிந்து பகுத்துக் கொடுத்தல் வேண்டுமென்னும் கருத்தினைப் புறப்பொருள் வெண்பாமாலை தெளிவுறுத்துகின்றது. பொருளைக் கவர்வது ஒரு துறை, கவர்ந்ததைப் பங்கிடுவது மற்றொரு துறை என நம் முன்னோர் கண்ட பாகுபாடு ஊன்றி நோக்கற்பாலது. இணையத்தின் வழியே பல்லாயிரவர் கூடியாடும் கற்பனைப் போர் விளையாட்டுக்களை ஆராயப் புகுவார்க்கு இதனினும் பொருத்தமான தோற்றுவாய் கிடைத்தலரிது.

இத்தகைய விளையாட்டுக்கள் திறனாய்வுக்கு உரியனவோ என்று வினவுவார் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் இரவிரவாக விளக்கெரியக் காண்போர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் விளக்கு அஃதென்று மயங்குதலும் உண்டு. காலத்தை வீணடிக்கும் கருவியென இவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. நாவல் என்னும் இலக்கிய வடிவம் நம்மிடை வந்தபோதும் பெரியோர் பலர் அதனை அவ்வாறே ஒதுக்கினர். ஆயின், தமிழ்ச் சங்க நூலகத்தில் மணிமேகலையைப் புரட்டும் மாணவனே வீடு சென்றதும் அரக்கரைக் கொன்று அருமணி தேடுகின்றான். இரண்டிடத்தும் அவன் தேடுவது ஒன்றோ வேறோ என ஆராய்தல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

விளையாட்டின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். ஆடுவோன் பகையை வெல்லுந்தோறும் அதனிடமிருந்து ஒரு பொருள் உதிர்கின்றது. பெரும்பாலும் அது பயனற்றது. ஆயிரத்தில் ஒருகாலோ பல்லாயிரத்தில் ஒருகாலோ கிடைத்தற்கரிய வாளோ கணையாழியோ தோன்றும். எப்போது தோன்றுமென எவர்க்கும் தெரியாது. கணினியின் நிகழ்தகவுக் கணக்கே அதனைத் துணிகின்றது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுவோன் ‘இல்லம்’ எனப்படும் பரலடுக்கை எட்டும்வரை கொள்ளும் எதிர்பார்ப்பு இதனோடு ஒருபுடை ஒக்கும். வேறுபாடும் உண்டு. மண் எவரையும் மயக்கும் நோக்கோடு மணியை ஒளித்துவைக்கவில்லை. விளையாட்டை ஆக்கியோரோ, மனித மனம் எத்துணைக் காலம் காத்திருக்கும் என்பதை அளந்தே பொருளை ஒளிக்கின்றனர்.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த எவர்குவெஸ்ற் என்னும் விளையாட்டில் பறவைநாகம் போன்ற பெரும்பகையைக் கொல்லப் பலர் ஒன்றுகூட வேண்டியிருந்தது. கிடைப்பதோ ஓரிரு பொருள். பூசல் எழுந்தது. அதனைத் தீர்க்க ஆடுவோர் குழுக்கள் தாமே ஒரு முறை கண்டன: போரில் பங்குகொண்டவர்க்கு அவர் பங்கேற்ற அளவுக்குப் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைச் செலவிட்டுப் பொருளைப் பெறச் செய்தன. வினையறிந்து ஈதல் என்னும் பாதீட்டு நெறி, தமிழ் இலக்கணத்தைக் கேட்டேயறியாதார் கையில் மறுபிறப்பு எய்தியது எனலாம்.

அவ்விளையாட்டில் தொடக்கத்தில் சந்தையென ஓரிடம் இல்லை. ஆயினும் கீழ்ப்புலத்தில் இருந்த ஒரு சுரங்க வழியில் ஆடுவோர் கூடிக் கூவி விற்கலாயினர். ஆக்கியோர் சந்தை வகுத்துக் கொடுத்தது 2001ஆம் ஆண்டின் இறுதியிலேதான். பூம்புகாரின் நாளங்காடியும் மதுரையின் அல்லங்காடியும் இவ்வாறுதான் தோன்றினவோ என எண்ணத் தோன்றுகின்றது. அதே 2001இல் எட்வேட் கஸ்ரனோவா என்னும் பொருளியலறிஞர் இக்கற்பனை நாட்டின் தலைக்குரிய ஆண்டு வருமானத்தை 2,266 டொலர் எனக் கணித்து, உலக நாடுகளின் வரிசையில் அதனை 77ஆம் இடத்தில் வைத்தார். நகைத்து விடுதற்குரிய கணக்கன்று இது. மக்கள் மெய்யான பணம் கொடுத்துப் பொய்யான வாளை வாங்கினர் என்பதே அக்கணக்கின் அடிப்படை.

சிலப்பதிகாரத்தை ஈண்டு நினைத்தல் தகும். ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் கோவலனை மதுரையின் மணிக்கடைத் தெருவூடு நடத்திச் செல்கின்றார். வயிரத்தின் குற்றம், மரகதத்தின் நிறம், முத்தின் வகை ஆகியவற்றைத் தெரிந்துரைக்கும் வணிகர் அங்கு உளர். அவ்வளவு நுட்பமறிந்தார் வாழும் நகரிலேதான், அடுத்த நாள் கோவலன் தன் கைச்சிலம்பின் விலையை மதிக்குமாறு பொய்ப் பொற்கொல்லனை வேண்டுகின்றான். மணித்தெருவின் வருணனையை வெற்றணி எனக் கருதுவார் அதன் கொடுமையை உணர்ந்திலர். மணியின் உள்ளியல்பை அறியும் கலை செழித்த ஊரில், ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது யாதென அறிய ஒருவரும் முயன்றிலர். கண்ணகி அதனை உடைத்தபின்னரே முத்தன்று, மாணிக்கம் என்பது புலனாயிற்று. புறத்தே ஒத்த இரு சிலம்புகளுக்கும் அகத்தே வேறு வரலாறு உண்டு. அவ்வகத்தைக் காட்டுவதற்கே காவியம் முழுவதும் நிகழ்கின்றது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் டயாப்ளோ என்னும் விளையாட்டில் ‘ஜோர்டானின் கல்’ எனப் பெயரிய கணையாழி ஒன்று உண்டு. பொற்காசு அங்கே மதிப்பிழந்தமையின் இக்கணையாழியே நாணயம்போல் கைமாறிற்று. பின்னர் அமைப்பின் பிழைகளைக் கண்டறிந்தார் சிலர் அதனை எண்ணற்ற பிரதிகளாகப் பெருக்கினர். ஒவ்வொரு பொருளுக்கும் கணினியின் உள்ளே ஓர் அடையாள எண் இருந்தது. பிரதியை வேறுபிரித்து அழிக்க அமைப்பாளர்க்கு அதுவே துணை. ஆனால் அவ்வெண் ஆடுவோன் கண்ணுக்குப் புலனாவதன்று. அவன் கையிலிருந்தது உடைத்தாலும் உட்பரல் தெறியாத சிலம்பு. 2003இல் ஒரு திருத்தம் வந்தது. அக்கணையாழிகள் பெருந்தொகையாக ஆட்டத்தின் கடைகாரர்க்கு விற்கப்பட்டால் பேரரக்கன் ஒருவன் தோன்றுவான். அவனை வென்றார்க்கு ஒரு தாயத்து உண்டு. பெருகிய போலிகளை ஆட்டக்காரர் தாமே மனமுவந்து அழிக்கும்படி செய்த இவ்வுத்தி மிக அழகியது. விளையாட்டுக் கலையின் உயர்ந்த கற்பனைகளுள் ஒன்றாக அதனைக் கொள்வேன்.

பொய்ப்பொருளின் பொருட்டு மெய்யுயிர் போனதும் உண்டு. சீனாவில் ஆடப்பட்ட ‘லெஜெண்ட் ஒப் மிர்’ என்னும் விளையாட்டின் நாகவாளை ஒருவர் நண்பருக்கு இரவலாகக் கொடுத்தார். நண்பர் அதனை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். வாளுக்குரியவர் பொலிசாரிடம் முறையிட்டபோது, கற்பனைப் பொருளைக் காக்கச் சட்டம் இல்லை என்ற விடையே கிடைத்தது. 2005ஆம் ஆண்டில் ஷங்காய் நகரில் அவர் அந்நண்பரைக் குத்திக் கொன்றார். நிறைவேற்றம் ஒத்திவைக்கப்பட்ட மரணதண்டனையும் பெற்றார். கொலையை எவ்வாற்றானும் நியாயப்படுத்தல் இயலாது. எனினும் அரசு ஆராயாது விட்டவிடத்தே குருதி சிந்திற்று என்னும் அளவில், பாண்டியன் அவையும் அப்பொலிஸ் நிலையமும் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன. பாண்டியன் விசாரியாமல் தண்டித்தான். இவர்கள் விசாரிக்கத்தக்க பொருளே இல்லையென்றனர்.

வேறொரு தீர்ப்பும் உளது. நெதர்லாந்தில் ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டின் தாயத்தையும் முகமூடியையும் ஒரு சிறுவனிடமிருந்து இருவர் அடித்து மிரட்டிப் பறித்தனர். 2012ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதனைத் திருட்டே எனக் கொண்டது. அப்பொருளைப் பெறச் சிறுவன் செலவிட்ட காலமும் முயற்சியும் அதற்கு மதிப்பைத் தந்தன என்பது அம்மன்றம் காட்டிய ஏதுக்களுள் ஒன்று. ஆயின் பொருளின் மதிப்பு அதனைத் தேடிய உழைப்பில் உள்ளதெனின், உழையாது விலைக்கு வாங்கியவன் பெறுவது யாது?

இவ்வினாவிற்கு மூன்றாம் டயாப்ளோ தன் வீழ்ச்சியால் விடை கூறிற்று. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் அது வெளிவந்தபோது உள்ளேயே ஏலச்சந்தை ஒன்று இருந்தது. அடுத்த மாதமே மெய்ப்பணத்திற்கு விற்கும் சந்தையும் திறக்கப்பட்டது. ஒரு பொருளுக்கு 250 டொலர்வரை விலை வைக்கலாம். கள்ளச் சந்தையையும் வஞ்சகரையும் ஒழிப்பதே நோக்கமென்றனர், அந்நோக்கத்திற் பழுதில்லை. நேர்ந்ததோ வேறு. வேண்டிய வாளைச் சில நொடியில் வாங்கலாமெனின் அரக்கனோடு பொருவானேன்? விளையாட்டின் உயிர்நிலையைச் சந்தை கெடுத்தது என்பதை ஆக்கியோரே ஒப்பி, 2014ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அதனை மூடினர். அதன்பின் கிடைத்தற்கரிய பொருள்கள் எடுத்தவனையே சார்ந்தன. உடனின்று பொருதார்க்கு மட்டும் சிறிது நேரத்துள் கொடுக்கலாம் என விதித்தனர்.

சீத்தலைச் சாத்தனார் இதனை முன்னரே கண்டார் என்றால் மிகையுரையென்பர். ஆபுத்திரன் கதையை மறித்தும் படிக்க வேண்டுகிறேன். அமுதசுரபி அவன் கையில் இருந்தபோது இந்திரன் அதனைப் பறிக்கவில்லை, உடைக்கவும் இல்லை. பாண்டி நாட்டில் மழையைப் பெய்வித்தான். வளம் பெருகிற்று, உண்ண வருவார் இலராயினர். எங்கும் நிறைவு உண்டாகவே குறையாத பாத்திரம் பயனிழந்தது. ஏலச்சந்தை பொழிந்த மழையும் அத்தகையதே. ஆபுத்திரன் அதனை விற்க எண்ணினானல்லன். பசித்தாரைத் தேடிச் சாவகத்திற்குக் கப்பலேறி, மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, தன்னுயிர் மட்டும் ஓம்புதற்கு அதனைப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாது உயிர் நீத்தான். அம்மணிபல்லவத்தை நம் நயினாதீவாகக் கருதுவோர் பலர். நாக மன்னர் இருவர் ஓர் ஆசனத்தின் பொருட்டுப் பொருததாகக் கூறப்படும் இடமும் அதுவே.

விளையாட்டுக்கள் காவியத்தின் முன் தாழ்வது இவ்விடத்திலேயாகும். அவை பொருளைத் தேடும் வேட்கையையும் பங்கிடும் நெறியையும் விற்கும் சூழ்ச்சியையும் நன்கு அறிந்துள்ளன. கொடுத்தற்கென்றே ஒரு பொருளைப் படைக்க இன்னும் பெரிதும் முயன்றில. ஆதிரையின் கையிலிருந்து முதற்பிச்சை விழுந்தபின்னரே தொழிற்படும் பாத்திரம் போன்ற ஒரு கற்பனை, நான் கண்ட விளையாட்டு எதனிலும் இல்லை.

2024இல் முழுமையாக வெளிவந்த ‘லாஸ்ற் எபொக்’ மட்டும் இவ்வினாவை ஆடுவோனிடமே விட்டது. அங்கே வணிகர் குழு ஒன்றும் நற்பேற்று வட்டம் ஒன்றும் உள. முன்னதிற் சேர்ந்தோன் வாங்கலாம், விற்கலாம். பின்னதிற் சேர்ந்தோனுக்கு அரும்பொருள் மிகுதியாகக் கிட்டும், சந்தை இல்லை. இரண்டிலும் ஒருங்கே நிற்றல் இயலாது. வணிகர் குழுவில் வாங்கிய வாளை வட்டத்துக்கு மாறியவன் இடையிற் செருகவும் கூடாது.