நெல்லின் விலையும் கூத்துக் களரியும்: எழுபதுகளின் மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பற்றிய சில கருத்துக்கள்

1

ஒரு காலத்தின் விலைவாசி அக்காலத்துப் பண்பாட்டுக்குப் புறம்பானதொரு செய்தியன்று. மக்கள் எதை உண்டனர், எதை விற்றனர், எதை வாங்கமுடியாது நின்றனர் என்பவற்றோடு, எதைப் பாடினர், எதைக் கண்டு சிரித்தனர் என்பனவும் பிணைந்தே உள்ளன. இதனைப் பொதுப்படக் கூறுதல் எளிது. ஒரு குறித்த பிரதேசத்திலே, ஒரு குறித்த பத்தாண்டிலே அப்பிணைப்பு எவ்வாறு தொழிற்பட்டது என்று காட்டுவதே திறனாய்வின் பணி. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தை 1970களின் பின்னணியில் வைத்து அப்பணியைச் செய்ய இக்கட்டுரையில் முயல்கின்றோம். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதாயினும், பண்பாட்டு நிலையில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளையும் இப்பிரதேசத்தோடு சேர்த்தே நோக்குகின்றோம்.

இவ்வாய்வுக்கான தேவை இன்று கூடியுள்ளது. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இலங்கை மக்கள் வரிசைகளில் நின்றபோது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் எழுபது சதவீதத்தை அண்மித்தபோது, 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக்காலம் மீண்டும் பேச்சுக்கு வந்தது. அப்பேச்சில் இரு சித்திரங்களே திரும்பத் திரும்ப இடம்பெற்றன. ஒன்று பாண் வரிசையும் மரவள்ளிக் கிழங்கும். மற்றையது இறக்குமதித் தடையினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் பொற்காலம். முதலாவது, வாங்கியுண்ணும் நகரத்தாரின் நினைவு. இரண்டாவது, விற்கும் சிறு நிலவுடைமையாளரின் நினைவு. முன்னதைக் காட்டி அரசின் பங்கீட்டு முறை முழுவதையும் பழிப்போரும், பின்னதைக் காட்டிச் சுயதேவைப் பொருளாதாரத்தைப் போற்றுவோரும் உளர். வாவிப் பிரதேசத்து உழைப்பாளரின் அனுபவம் இவ்விரண்டிலும் அடங்குவதன்று. அங்கு நெல் என்ற ஒரே பொருள் உணவாகவும், கூலியாகவும், விற்பனைப் பண்டமாகவும் ஒருங்கே இருந்தமையே இதற்குக் காரணம்.

2

1970 மே மாதத் தேர்தலில் வாரத்துக்கு இரண்டு கொத்து அரிசி என்ற வாக்குறுதியோடு ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. இலங்கைச் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் பங்காளிகள், நிதியமைச்சர் என். எம். பெரேரா. 1973-74 இல் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் ஆகிய மூன்றினதும் விலை ஒருங்கே ஏறிற்று. அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது. மாவினதும் சீனியினதும் விலை உயர்ந்தது. குறித்த நாள்களில் உணவகங்களில் சோறு பரிமாறுதல் தடைசெய்யப்பட்டது. மறுபுறம், 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவு விரிவுபெற்றது. தனியார் நெல்லையும் அரிசியையும் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. பத்தாண்டின் தொடக்கத்தில் ஒரு புசலுக்கு 14 ரூபாவாக இருந்த உத்தரவாத விலை, அதன் நடுப்பகுதியில் 33 ரூபாவாயிற்று.

இவ்வுயர்வை உழவருக்குக் கிடைத்த நன்மை எனப் பொதுவாகக் கூறுவர். எந்த உழவருக்கு என்ற வினாவே இங்கு முக்கியமானது. வாவியின் மேற்கே படுவான்கரையில் வயல். கிழக்கே எழுவான்கரையில் செறிந்த குடியிருப்பு. இவற்றிடையே நெல்லும் மனிதரும் தோணித்துறைகளைக் கடந்தனர். நிலவுடைமையாளராகிய போடியார், அவருக்காக வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரர், பருவகாலக் கூலியாட்கள் என்ற அடுக்கமைப்பு நிலவியது. முல்லைக்காரரும் கூலியாட்களும் பெற்ற நெல் அவர்களது வீட்டு உணவு. போடியாரின் களஞ்சியத்து நெல் சந்தைக்குரியது. ஆதலின் நெல்விலை ஏறியபோது பயன் பெற்றோர் விற்பதற்கு மிச்சம் உடையோரே. கூலியாள் தன் பங்கு தீர்ந்த மாதங்களில், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில், தான் விளைவித்த அதே பொருளைக் கூடிய விலைக்கு வாங்குபவனாக மாறினான். வாவியில் வீச்சுவலையும் தோணியும் கொண்டு பிழைத்தவன் ஆண்டு முழுவதும் வாங்குபவனே. சங்கக்கடைக் கூப்பன் அரிசி இவர்கள் இருவருக்கும் உயிர்நாடியாக இருந்தது. அதனைத் தின்று வாழ்ந்தோரைச் சோம்பேறிகள் எனப் பிற்காலத்தார் பழித்தனர். வயலில் உழைத்தவர்களும் அதனை நம்பியே வாழ்ந்தனர் என்பதை அப்பழிப்பு மறைத்துவிடுகின்றது.

அக்காலத்து அதிகாரபூர்வ விலைச்சுட்டி 1952 ஐ அடியாண்டாகக் கொண்டு, கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவினத்தை வைத்து அமைக்கப்பட்டது. நெல்லாகக் கூலி பெறும் ஒருவனுக்கு விலையேற்றம் என்ன செய்தது என்பதை அத்தகைய சுட்டி காட்டமாட்டாது. கலை இலக்கியங்களின் சாட்சியத்தை நாடவேண்டிய தேவை இங்குதான் எழுகின்றது.

3

இப்பிரதேசத்தின் வாய்மொழிப் பாடல்களுள் தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த கவிகளும், களவெட்டியிலே சூடு மிதிக்கும்போதும் தூற்றும்போதும் பாடப்பட்ட பொலிப்பாட்டுக்களும் சிறப்புடையன. களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லுதல் விலக்கு. அது 'பொலி' எனப்படும். களத்துக்கெனத் தனிக் குழூஉக்குறிகளே இருந்தன. தீய சக்திகள் விளைச்சலைக் கவர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாகக் கூறப்படும். ஆயின் இவ்விலக்கின் சமூகப் பயனையும் நாம் கருதவேண்டும். அளக்கப்படுமுன் அக்குவியல் எவருக்கும் உரியதன்று. அது பெருகவேண்டும் என்ற வேண்டுதலில் போடியாரும் கூலியாளும் ஒருமித்து நிற்கலாம். மரக்காலும் அவணமுமாக அளவை தொடங்கியதும் அந்த ஒருமை முடிந்துவிடுகின்றது. பொலிப்பாட்டு வாழ்த்துவது விளைவின் பெருக்கத்தை. பங்கீடு அதன் பொருளன்று. 

எச்-4, 1970 இல் வெளியான பீஜி 11-11 போன்ற புதிய நெல்லினங்களும், யூரியாவும், உழவு இயந்திரமும் பரவியதோடு இந்தக் களவெட்டி மாறிற்று. எருமைகளுக்குப் பதிலாக உழவு இயந்திரம் சூடு மிதித்தபோது பொலிப்பாட்டின் உழைப்புச் சூழல் அற்றுப்போனது. மரக்கால் போய்ச் சபையின் புசல் வந்தது. நாட்டார் பாடல் அழிகின்றதே என்று இரங்கியோர் பலர். கூட்டுழைப்பின் இடத்தைப் பணக்கூலியும் கடனும் பிடித்துக்கொண்டதன் விளைவே அவ்வழிவு என ஆராய்ந்தோர் சிலரே.

கூத்தின் நிலை இதனின் வேறானது. அறுவடைக்குப் பின்னரான ஓய்வுக் காலத்திலே அண்ணாவியார் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்க, சதங்கை அணிந்து, பின் அரங்கேற்றமாக வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்படுவது வடமோடி, தென்மோடிக் கூத்து. இதற்குச் செலவிடப்படுவது முதன்மையாக உழைப்பும் நேரமும். எனினும் பெற்றோமக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். கரப்புடுப்புக்கும் முடிக்கும் துணியும் பொருளும் வேண்டும். இரண்டும் அரிதாயிருந்த ஆண்டுகளில் ஒரு கிராமம் கூத்தாடத் துணிவது, தன் வறுமையை மீறிய ஒரு கூட்டுத் தீர்மானமாகும். இதனை மதிக்காத திறனாய்வு குறையுடையது. 

அதே வேளை, களரியிலே காட்டப்படும் உலகத்தையும் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கொலுவுக்கு வரும் அரசன் நாட்டுவளம் விசாரிக்கின்றான். மழையும் விளைச்சலும் செங்கோலும் அங்கு செழிப்பின் அளவுகோல்கள். பஞ்சம் நேரின் அது சாபத்தாலோ முறைபிறழ்ந்த ஆட்சியாலோ நேர்வது. விளைச்சல் மிகுந்திருக்கவும் மக்கள் பசித்திருக்கலாம் என்பதை, அதாவது விலையினால் உண்டாகும் பஞ்சத்தை, இந்த உலகம் அறியாது. பண்டங்களின் விலையானது மனிதரிடையேயான உறவைப் பொருள்களிடையேயான உறவாகத் தோற்றச் செய்கின்றது என மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். அந்தத் தோற்றத்துக்கு முற்பட்ட நிலமானிய அரங்கம் அதனைக் கலைக்க இயலாதது வியப்பன்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றி, கூத்தினை நவீன அரங்குக்கு உரியதாக்கினார். சி. மௌனகுரு 'சங்கார'த்தில் கூத்தின் ஆடலையும் பாடலையும் வர்க்க முரண்பாட்டைக் காட்டும் கருவியாக்கினார். 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) என்னும் அவரது ஆய்வு, கூத்தைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கிய பெருமுயற்சி. இவற்றின் பெறுமதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் தேசிய நாடக வடிவம் ஒன்றைத் தேடிய வேகத்திலே, கூத்தைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் வடிவத்தைச் சுற்றியே அமைந்தது. படுவான்கரையில் மத்தளம் கேட்டு விழித்திருந்தவன் மறுநாள் எதை உண்டான் என்பது அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது. 

4

பணங்கொடுத்து நுகரும் பண்பாட்டுக்கு இனி வருவோம். 1972 இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. இதன் பயனாக உள்ளூர்ச் சந்தை ஒன்று உருவாயிற்று. வீரகேசரிப் பிரசுரங்களாகப் பல நாவல்கள் வெளிவந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978 இல் திரைப்படமாயிற்று. வானொலியின் நகைச்சுவைத் தொடரிலிருந்து 'கோமாளிகள்' (1976) பிறந்தது. தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' (1977) யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைத் திரையில் வைத்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசைப் பாடல்கள் வானொலி மூலம் பட்டிதொட்டியெங்கும் சென்றன.

முற்போக்கு அணியினர் இதனைத் தேசிய இலக்கியத்தின் வெற்றியாக வரவேற்றனர். அதில் உண்மை உண்டு. உள்ளூர் மொழிவழக்கும் மாந்தரும் முதன்முறையாகப் பெருவாசகரைச் சென்றடைந்தனர். ஆயின் பாதுகாக்கப்பட்ட சந்தையும் சந்தையே. வெங்காயத்துக்கு ஏற்பட்டது போன்றே நாவலுக்கும் ஒரு தட்டுப்பாட்டு விலை கிடைத்தது எனலாம். அச்சந்தையின் மையங்கள் கொழும்பும் யாழ்ப்பாணமும்; வாவிப் பிரதேசம் அதில் பெரும்பாலும் நுகர்வோராகவே இருந்தது. அன்றைய வானொலி நகைச்சுவையும் பொப்பிசையும் அன்றாடத்தின் அவதிகளைச் சிரிப்பாக்கின. அச்சிரிப்பு ஆறுதல் தந்தது. ஆனால் அது எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கும் நுகர்வோராகக் கற்பித்தது. வரிசையில் நிற்காமலே அரிசி வைத்திருந்தவன் அதன் கண்ணில் படவில்லை. 1977 நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் தென்னிந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் திரும்பின. உள்ளூர்த் தமிழ்த் திரைப்பட முயற்சி விரைவிலேயே தளர்ந்தது. இறக்குமதித் தடையை மட்டும் தளமாகக் கொண்ட பண்பாடு தடையோடு சரிந்தமை இயல்பே.

5

இப்பிரதேசத்தின் எழுத்திலக்கியம் இவ்விடத்தில் வேறொரு சாட்சியம் தருகின்றது. பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் 1975 இல் மறைந்தார். அவரது 'வேளாண்மை'க் காவியம் 1982 இலேயே நூலுருப்பெற்றது. மட்டக்களப்பு உழவர் வாழ்வையும் பேச்சையும் சடங்கையும் செய்யுளுக்குள் கொணர்ந்த அரிய ஆக்கம் அது. அதன் ஆற்றல், வயல்வாழ்வை உள்ளிருந்து அறிந்தவரின் நிறைவு. அதன் எல்லையும் அதுவே. உழவர் சமூகத்தை ஒரு முழுமையாகக் காணும் பார்வைக்கு, அதன் உட்பிளவு இரண்டாம்பட்சமாகவே தோன்றும்.

எம். ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977), கல்முனையில் வாசகர் சங்க வெளியீடாக வந்தது. ஒரே மண்ணில் வாழ்ந்த இரு தலைமுறையினரின் இடைவெளியை, நிலத்தோடும் உடைமையோடும் அவர்களுக்கிருந்த உறவின் மாற்றமாகக் காண அதன் நெடுங்கவிதைகள் வழிகோலுகின்றன. பேச்சோசையைத் தழுவிய அவரது செய்யுள், வாழ்த்தும் மரபிலிருந்து விலகி ஆராயும் மரபுக்கு வருகின்றது. பொலிப்பாட்டு நிறுத்திய இடத்திலிருந்து, பங்கீடு தொடங்கும் இடத்திலிருந்து, இக்கவிதை தொடங்குகின்றது என நாம் மதிப்பிடுகின்றோம். எழுபதுகளின் வாவிப் பிரதேச இலக்கியத்தில் விலை ஒரு சமூக உறவாக உணரப்படும் சாத்தியம் இங்கேதான் தெரிகின்றது. 

6

1978 ஜனவரியில் பங்கீட்டரிசி குறைந்த வருமானத்தாருக்கென மட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கித் தென்னைகளையும் வீடுகளையும் வீழ்த்தியது. 1979 செப்டெம்பரில் உணவு முத்திரைகள் பங்கீட்டின் இடத்தைப் பெற்றன. தொகை நிலைத்திருக்க விலை ஏறியது. 1980 இல் பணவீக்கம் 26 சதவீதம். வரிசைகள் மறைந்தன, உண்மையே. பணமில்லாதவன் வரிசையில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வுண்மை முழுமைபெறும்.

இடதுசாரிகள் பங்கேற்ற ஓர் ஆட்சி, விலையைக் கட்டுப்படுத்தியும் பங்கிட்டும் மக்களைக் காக்க முனைந்தது. 1972 இன் நிலச் சீர்திருத்தம் நெல்வயலுக்கு இருபத்தைந்து ஏக்கர் என்ற உச்சவரம்பை விதித்தும், போடியார்-முல்லைக்காரர் உறவின் அடித்தளம் தகரவில்லை. விநியோகத்தில் நீதி தேடி, உற்பத்தி உறவைப் பெரிதும் அவ்வாறே விட்டமைதான் அக்காலத்தின் மைய முரண்பாடு. அக்காலப் பண்பாட்டு இயக்கத்திலும் இதே முரண்பாடு பிரதிபலித்தது: வடிவத்தையும் சந்தையையும் தேசியமாக்கிய வேளையில், களவெட்டியில் நிகழ்ந்த பங்கீட்டை அது போதியளவு வினாவவில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்தபோதும், அடுத்த ஆண்டு அரிசி விலை ஏறியபோதும், வாவியின் இருகரைகளிலும் விற்போரும் வாங்குவோரும் மீண்டும் தெளிவாகப் பிரிந்தே நின்றனர். எழுபதுகளை வசைமொழியாகவோ பொற்காலமாகவோ பயன்படுத்துவோர் இப்பிரிவினையைக் காணமாட்டார். படுவான்கரையின் அண்ணாவிமாரும் முல்லைக்காரரும் மீன்பிடிப்போரும் தம் நினைவிற் சுமந்திருக்கும் விலைகளை, கூலிகளை, அளவைகளை, பாடல்களோடு சேர்த்துத் தொகுத்தல் இன்று உடனடிக் கடமையாகும். அத்தலைமுறை அருகிவருகின்றது. பாடலை மட்டும் பதிந்து, அது பாடப்பட்ட நாளின் கூலியைப் பதியாது விடும் நாட்டாரியல், பாதி வேலையையே செய்ததாகும்.