நிட்டிங் கம்பெனியா, மெர்ச்சண்டைசர் வேலையா?

திருப்பூரில் அப்பாவின் நிட்டிங் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கு, ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை வருகிறது. சம்பளம் மாதம் 35,000 ரூபாய். வீட்டில் உடனே எழும் பதில்: "நம்ம கம்பெனில மாசம் 60,000 நிக்குது. இன்னொருத்தர்கிட்ட போய்க் கை கட்டி நிக்கணுமா?" இந்த ஒப்பீடு தவறு. எங்கே தவறுகிறது என்று கணக்காகவே பார்க்கலாம்.

கரன்ட் பில், ஆப்பரேட்டர் கூலி, ஊசி, ஆயில் எல்லாம் போக நிற்பதுதான் அந்த 60,000 என்று வைத்துக்கொள்வோம். இடம் சொந்தம், வெளியே விட்டால் 15,000 வாடகை வரும். மெஷின்களை விற்றால் 20 லட்சம் தேறும். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 12,000. ஆக 27,000 ரூபாய், யாரும் உழைக்காமலே வரக்கூடியது. மிச்சம் 33,000தான் அப்பா, மகன் இருவர் உழைப்புக்குக் கூலி, ஆளுக்கு 16,500. தேய்மானத்தை இன்னும் கழிக்கவில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டு "வேலைக்குப் போ" என்பதும் அரைக்கணக்கு. மகன் போனால் ராத்திரி ஷிப்டை யார் பார்ப்பது? 20,000 ரூபாய்க்கு ஒரு சூப்பர்வைசர் போட்டால் கம்பெனியில் 40,000, சம்பளம் 35,000, வீட்டுக்கு மொத்தம் 75,000. முன்னைவிட 15,000 கூடுதல். ஆனால் ஊசி ஒன்று உடைந்ததை உடனே கவனிக்காவிட்டால் துணி நெடுக்கக் கோடு விழும். சில கோடுகள் சாயம் ஏறிய பிறகுதான் கண்ணுக்கே தெரியும். நூல் கொடுத்துப் பின்னச் சொன்ன பார்ட்டி, நூல் விலையையும் சேர்த்துக் கூலியில் பிடித்துக்கொள்வார். இரண்டு லாட் அப்படிப் போனால் அந்த 15,000 காணாமல் போகும். ராத்திரி ஆள் எப்படிப்பட்டவர் என்பதில்தான் பாதித் தீர்ப்பு இருக்கிறது.

வேலை நிச்சயம், தொழில் நிச்சயமில்லை என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது எக்ஸ்போர்ட் கம்பெனிகளும், அவற்றை நம்பிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் சேர்ந்தே அடிவாங்கின. அப்பாவின் பார்ட்டிகளும் எக்ஸ்போர்ட்டர்கள் என்றால் மகனின் சம்பளம் அந்த வீட்டுக்குப் பெரிய காப்பு ஆகாது. திருப்பூர் காதர்பேட்டையின் உள்நாட்டு வியாபாரத்துக்கு ஓடும் மெஷின்கள் என்றால், ஒன்று சரிந்தாலும் மற்றது தாங்கும்.

பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் வேலையின் பக்கம் எடை கூட்டுபவைதான். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு, மெஷின் பில் அத்தனையும் அப்பா பெயரில். பத்து வருஷம் உழைத்த மகனிடம் ஒரு சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் காட்ட வருமான வரிக் கணக்கும் இருக்காது. உயில் இல்லாவிட்டால் அப்பாவின் சுயசம்பாத்தியம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அது நியாயம். இவன் ராத்திரி கண்விழித்ததற்கு மட்டும் எங்கும் பதிவு இல்லை, அது அநியாயம்.

எனவே வேலைக்குப் போகலாம் என்பதே என் தீர்ப்பு. ராத்திரிக்கு நம்பகமான ஆள் கிடைக்கவில்லை, அப்பாவும் பங்கு விகிதத்தையும் மகனுக்கான மாதச் சம்பளத்தையும் எழுதிப் பார்ட்னர்ஷிப் பத்திரம் போடச் சம்மதிக்கிறார் என்றால் மட்டும் கம்பெனியிலேயே இருக்கலாம். "எல்லாம் உனக்குத்தானே கண்ணு" என்ற வாய்ச்சொல் போதாது. வேலையில் சேரச் சொன்ன தேதிக்கு முன்பே அந்தப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும்.