கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

சைகோனின் லே கோங் கியூ தெருவில் பழகியவர்கள் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுக்கும் விதமே தனி அழகு. வெளிப்புறத்து நீலச் சித்திரத்தை அவர்கள் முதலில் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் தூக்கி, நழுவினாலும் உடையாதபடி மேசைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் வைத்துக்கொண்டு, மெல்லக் கவிழ்க்கிறார்கள். கட்டைவிரல் அடிவளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அதற்குப் பிறகுதான் கிண்ணம் நிமிர்கிறது, ஓவியம் கண்ணில் படுகிறது, விலைப் பேச்சு தொடங்குகிறது.

பென் தான் சந்தையிலிருந்து பொடிநடையாகச் சில நிமிடங்களில் வந்துவிடும் இந்தத் தெரு மிகச் சிறியது. இரு பக்கமும் குறுகிய முகப்புள்ள பழம்பொருள் கடைகள். உள்ளே இடம் போதாமல் பொருள்கள் நடைபாதைவரை வந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜேட் வளையல்கள், தரையில் பித்தளைத் தூபக்கலசங்கள், முத்துச்சிப்பி இழைத்த கருமரப் பெட்டிகள், பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுவர்க் கடிகாரங்கள், மூடி தொலைந்த தேநீர்க் கெண்டிகள். இங்கே இருப்பதெல்லாம் பழசு என்று யாரும் நம்புவதில்லை. எல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணைத் தீட்டிக்கொள்வதுதான் இந்தத் தெரு தரும் இன்பம்.

கண்ணுக்கு முதல் பாடம் நீலப் பீங்கான். 1802 முதல் 1945 வரை ஹுவே நகரிலிருந்து ஆண்ட நுயென் வம்சத்தினர், தங்கள் விருப்பத்துக்கேற்ற வடிவத்தையும் சித்திரத்தையும் சொல்லியனுப்பி, சீனாவில் கிண்ணங்களும் தட்டுகளும் செய்வித்தார்கள். அவற்றைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஹுவே நீலம்’ என்றார்கள். அவற்றில் பேர்பெற்றது, பிளம் மரமும் நாரையும் வரைந்த சிறு தேநீர்த் தட்டு. சித்திரத்தின் ஓரத்தில் ஈரடிப் பாட்டு ஒன்று உண்டு. 1813-இல் தூதராகச் சீனாவுக்குப் போன நுயென் ஸூ எழுதியது அது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. வியட்நாமின் மகாகாவியமான ‘கியூவின் கதை’யை இயற்றிய அதே கவிஞர்.

அந்தப் பாட்டு இருப்பது நோம் எழுத்தில். சீன எழுத்தின் உறுப்புகளைக் கொண்டு, வியட்நாமிய மொழியை எழுதுவதற்காக உருவானது நோம். சீனருக்கு அதை வாசித்தால் பொருள்படாது. அப்படியானால், சூளையடியில் உட்கார்ந்து தூரிகை பிடித்த சீனக் கைவினைஞர் அதை எழுதவில்லை, வரைந்திருக்கிறார். நாரையின் காலை எவ்வளவு கவனமாக இழுத்தாரோ அவ்வளவு கவனமாக ஒவ்வொரு கோட்டையும் இழுத்திருக்கிறார். தனக்குப் புரியாத ஒரு கவிதையைப் பிசகாமல் இன்னொரு நாட்டாருக்கு வரைந்து கொடுத்த அந்தக் கையை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பிளம்–நாரைத் தட்டுகளில் பெரும்பாலானவை பிற்காலப் பிரதிகள்தாம். ஆனாலும் ஒன்றை எடுத்து எழுத்துகளை உற்றுப் பாருங்கள். கோடு தொடங்கும் இடத்தில் நீலம் அழுந்தி, முடியும் இடத்தில் மெலிகிறதா? அப்படியானால் அங்கே ஒரு கை உழைத்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒரே அடர்த்தி என்றால், அது அச்சில் ஒற்றியெடுத்தது.

பிறகு கவிழ்க்க வேண்டும். பீங்கானின் உடம்பெல்லாம் மெருகு பூசியிருந்தாலும், சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க அடிவளையத்தை மட்டும் வெறுமையாக விட்டிருப்பார்கள். மண்ணை மண்ணாகவே தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. மெருகு முடிந்து மண் தொடங்கும் எல்லையில் சில கிண்ணங்களில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடும். களிமண்ணிலிருந்த இரும்பு நெருப்பில் நிறம் மாறியதன் அடையாளம். சூளை மணல் இரண்டொரு துகள் ஒட்டியிருக்கும். தலைமுறை தலைமுறையாக மரத்தட்டில் வைத்து எடுத்து, இழுத்து, தள்ளி வந்த கிண்ணமென்றால் வளையம் வழவழவென்று தேய்ந்திருக்கும். கீறல்கள் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முதுமை ஏற்றியதென்றால் கீறல்கள் ஒரே திசையில் வரிசை கட்டி நிற்கும். அவசரக்காரனால் நூறு வருடத்துப் புழக்கத்தை ஒரு மாலையில் செய்துவிட முடியாது.

விளிம்பில் பித்தளையோ வெள்ளியோ கட்டிய கிண்ணங்களுக்குத் தனி அழகு. வாய் சிதறிய கிண்ணத்தை எறிய மனம் வராமல், மெல்லிய உலோகப் பட்டையை விளிம்பைச் சுற்றி மடித்துப் பொருத்தியிருப்பார்கள். சிதறாத கிண்ணத்துக்கும் முன்காப்பாகப் பூண் கட்டியதுண்டு. பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு சுகம். நல்ல வேலை என்றால் நகத்தால் வருடினாலும் பொருத்து தட்டுப்படாது. உதடு படும் இடம் மட்டும் பளிச்சென்று மின்ன, மற்ற பக்கம் கறுத்துப்போயிருக்கும். அதைக் கையாண்டவர் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே குடித்திருக்கிறார். பேரும் ஊரும் தெரியாத ஒருவரின் பழக்கத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல எந்தச் சரித்திரப் புத்தகத்தாலும் முடியாது.

தமிழ்க் கண்ணுக்கு உடனே உறவாகிவிடும் பொருளும் இங்கே உண்டு: சுண்ணாம்புக் கலயம். வியட்நாமில் வெற்றிலை பாக்குப் போடும் வழக்கம் மிகப் பழையது. பெண் கேட்டுப் போகும்போதும் கல்யாணத்தின்போதும் வெற்றிலையும் பாக்கும் இன்றும் தாம்பாளத்தில் இருந்தாக வேண்டும். நம்முடைய கரண்டகம் மடிக்குள் அடங்கும். அவர்களுடையதோ உருண்டு திரண்ட உடம்பும், மேலே வளைந்த பிடியும், தோளில் ஒரு சிறு வாயுமாக வீட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பை எடுக்கும் கரண்டியை ஒவ்வொரு முறையும் அந்த வாயில் வழித்துவிடுவார்கள். வழித்தது காய்ந்து, அதன்மேல் இன்னொரு படலம் ஏறி, வருடக்கணக்கில் வெள்ளை உதடு வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் வாய் அடைபட்டு, கரண்டி நுழையாமல் போய்விடும். அப்போதும் அதைக் குப்பையில் போடமாட்டார்கள். வீட்டுப் பெரியவருக்குரிய மரியாதையோடு எடுத்துப்போய் ஆலமரத்தடியிலோ கோயில் ஓரத்திலோ வைப்பார்கள். இந்தத் தெருவில் ஒரு கலயத்தைக் கண்டால் நிறத்தைவிட அந்தச் சுண்ணாம்பு உதட்டைப் பாருங்கள். மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் அத்தனையும் யாரோ ஒரு பாட்டி மென்ற வெற்றிலைகளின் கணக்கு.

வெள்ளிக் காசுகள் இருக்கும் தட்டில் இன்னொரு உறவு ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர் நாணயம் 1885 முதல் 1928 வரை அச்சாயிற்று. ஒரு பக்கம் தலையைச் சுற்றிக் கதிர்கள் விரிய அமர்ந்திருக்கும் சுதந்திர தேவி. மறுபக்கம் மாலைக்கு நடுவே மதிப்பு. ஓரத்தில் வெள்ளியின் தரம் 0.900, எடை 27 கிராம் என்ற வாசகம். தன் எடையையும் தூய்மையையும் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு, ‘வேண்டுமானால் நிறுத்துப் பார்’ என்று நிற்கும் காசு அது. பழைய ஆண்டுக் காசுகளில் 27.215 கிராம் என்றிருக்கும். 1895-இல்தான் எடை குறைந்தது. சில காசுகளில் பொட்டுப்போலச் சிறு குழிகள் தெரியும். வெள்ளியைச் சோதித்துப் பார்த்த சீன வணிகர் அடித்த முத்திரைகள் அவை. இந்தப் பியாஸ்தரில்தான் செட்டிநாட்டு நகரத்தார் சைகோனில் வட்டிக்கடை நடத்தினார்கள். அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இன்றும் இருக்கிறது. நோட்டு அச்சிட்ட இந்தோசீனா வங்கி 1875-இல் தொடங்கியது. அதன் முதல் கிளைகளில் ஒன்று சைகோனில், இன்னொன்று நம் புதுச்சேரியில். இங்கே பியாஸ்தரும் அங்கே ரூபாயுமாக ஒரே வங்கியின் நோட்டுகள் புழங்கின.

விலை கேட்பதற்குமுன் கடையின் தரையைப் பார்க்க வேண்டும். வாசலைப் பார்த்தபடி தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம். உள்ளே செல்வத்தின் தெய்வமும், தொந்தி சரிய வாய்விட்டுச் சிரிக்கும் நிலத்தின் தெய்வமும். ஊதுபத்தி, பழம், பூ; கூடவே நிலத்தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. போணி ஆகாத கடையில் காலை நேரத்தில் விளையாட்டுக்கு விலை பேசுவது இங்கேயும் ஆகாது. முதலில் வருபவர் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பார்கள். காகிதத்தைக் கொளுத்திக் கண்ணேறு கழிப்பவர்களும் உண்டு. ஆகவே சும்மா பார்க்க வருபவர் சற்றுத் தாமதமாக வருவதே மரியாதை. வியாபாரம் நடந்துவிட்ட கடையில் முகம் மலர்ந்திருக்கும். ஐஸ் போட்ட தேநீர் ஒரு டம்ளர் தானாகவே வரும். எத்தனை பொருளை எடுத்துக் கவிழ்த்தாலும் ஒரு சுளிப்பு இருக்காது.

சற்றுத் தள்ளி, யெர்சின் தெருவில் இருக்கும் டான் சின் சந்தையில் மணமே வேறு: கிரீஸ், ரப்பர், கான்வாஸ். முன்வரிசைக் கடைகளில் ஸ்பேனர், பம்ப், மழைக்கோட்டு, வெல்டிங் கண்ணாடி என்று நகரத்துத் தொழிலாளிக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். உள்ளே போகப் போகப் போர்க்காலம் விரிகிறது. இரும்புத் தொப்பி, திசைகாட்டி, தண்ணீர்க் குடுவை, காலணி, ஜிப்போ லைட்டர். இங்கேயும் கவிழ்க்காமல் எதுவும் தெரியாது. ஜிப்போவின் அடியில் ஆண்டுக்குறி இருக்கும். 1966-இல் செய்ததென்றால் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என எட்டு நேர்கோடுகள். 1967-க்கு ஏழு, 1968-க்கு ஆறு. 1974 முதல் கோடுகள் சாய்ந்துவிடுகின்றன. மேலே ‘1968’ என்று செதுக்கி, அடியில் சாய்ந்த கோடு இருந்தால், அந்த லைட்டர் அந்த வருடத்தைப் பார்த்ததே இல்லை. உண்மையானதோ போலியோ, மேலே உள்ள செதுக்கலை மட்டும் தனியாக ரசிக்கலாம். போர்க்காலச் சைகோனின் தெருவோரச் செதுக்குகாரர்கள், தங்களுக்கு அந்நியமான ஆங்கில வரிகளைத் தீப்பெட்டி அகலத்துக்குள் இடைவெளி பிசகாமல் அடக்கிக் கொடுத்தவர்கள்.

வீரர்களின் கழுத்துத் தகடுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். பேர், எண், இரத்த வகை, மதம் என நான்கைந்து வரிகள். 1969 ஜூலை 1 முதல் அமெரிக்கத் தரைப்படையில் பழைய சேவை எண் போய், சமூகப் பாதுகாப்பு எண் வந்தது; எண்ணின் அமைப்பைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம். இங்கே விற்பவற்றில் பிரதிகளே மிகுதி. ஆனாலும், மெய்யாகவே ஒருவன் அணிந்ததாக இருந்தாலோ என்று தோன்றும் கணத்தில் ரசனை தானே பின்வாங்கிக்கொள்கிறது. அதை அழகுப் பொருளாக வாங்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. கீழே வைக்கத் தெரிவதும் பார்வைக் கலையில் சேர்ந்ததுதான்.

இப்படிப் பொருளோடு பழகுவதை ஒரு வாழ்நாள் கல்வியாகவே செய்தவர் வுவோங் ஹோங் சென் (1902–1996). பழைய சைகோனைப் பற்றியும், பழம்பொருள் சேகரிக்கும் இன்பத்தைப் பற்றியும் எழுதிய அறிஞர் அவர். தான் சேர்த்த நீலப் பீங்கான்களையும் மற்றவற்றையும் நாட்டுக்கே விட்டுச் சென்றார்; சைகோனின் வரலாற்று அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். சேகரிப்பவரின் ஆசை இப்படிப் பொதுச் சொத்தாய் முடிவது பெரிய கொடை. நூறு வயது கடந்த பொருளை உரிய அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் சொல்வதும் நியாயமே. ரசிப்பதற்கு உடைமை தேவையில்லை.

இந்தத் தெருவுக்குப் பொருள் வந்து சேரும் வழிகளில் ஒன்று, கூம்புத் தொப்பியும் தள்ளுவண்டியுமாக ஊரெல்லாம் சுற்றிப் பழைய பேப்பரும் பாட்டிலும் இரும்பும் வாங்கும் பெண்கள். வீடு மாற்றுகிறவர்கள் வேண்டாமென்று கொடுக்கும் மூட்டையில், காயலான் கடைக்குப் போகவேண்டியவற்றோடு ஒரு நல்ல கிண்ணமும் இருந்துவிடும். தெருமுனைக்கு எதிரே நிற்கும் மஞ்சள் மாளிகை நகரத்தின் நுண்கலை அருங்காட்சியகம். சீன வணிகர் ஹுவி போன் ஹோவாவின் குடும்பத்துக்காக 1930-களில் எழும்பிய வீடு அது. அந்த ஹோவா, பழைய சாமான் பொறுக்கி விற்றே வாழ்க்கையைத் தொடங்கினார் என்று சைகோன்வாசிகள் சொல்வார்கள்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் அந்த மாளிகையை முதலில் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வருவதே வழக்கம். வரிசையை மாற்றச் சொல்வேன். அருங்காட்சியகம் பொருளின் முகத்தைத்தான் காட்டும். கண்ணாடிக்கு அப்பால் உள்ளதைக் கவிழ்த்துப் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. முதலில் தெருவில் நாலு மணிநேரம் நின்று, அடிவளையத்தைத் தடவி, பூண் சேரும் இடத்தைத் தேடி, சுண்ணாம்பு உதட்டின் அடுக்குகளைப் பார்த்துப் பழகிவிட்டு உள்ளே போங்கள். அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிண்ணத்தின் எந்தப் பக்கத்தை நமக்குக் காட்டவில்லை என்பது தெரியும். காட்டாத பக்கத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்கவும் வரும். தெருச்சந்தை கற்றுத்தரும் படிப்பு அதுதான்.